ஈஸ்ட்டின் பெயரை வாங்குவதற்குள்

தோல் புண்ணுக்குப் பூஞ்சை கல்ச்சர் (சுரண்டி எடுத்ததை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கொடுக்கப் போகிறவர்கள், பணம் கட்டும் முன்பே லேபில் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். வளரும் ஈஸ்ட்டின், அதாவது அந்தப் பூஞ்சை வகையின், முழுப் பெயர் ரிப்போர்ட்டில் வருமா? எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்றும் பார்ப்பார்களா? சீட்டில் டாக்டர் இரண்டையும் தெளிவாக எழுதியிருந்தும் எங்கள் அம்மாயியை அலையவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மாயிக்குச் சர்க்கரை உண்டு. தொடையிடுக்கில் செக்கச்செவேலென்று புண், ஓரமெல்லாம் பொடிப்பொடியாகக் கொப்புளம். மருந்துக்கடையில் கொடுத்த ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்கும், விட்டால் முன்பைவிடப் பரவும். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரைக்கும் கேட்கவில்லை. தோல் டாக்டர் களிம்பை நிறுத்தி, சில நாள் விட்டு, புண்ணைச் சுரண்டி எடுத்து கல்ச்சர் பார்க்கச் சொன்னார்.

காங்கயத்திலிருந்து ஈரோட்டுக்குப் பஸ் ஏறினோம். லேப் கவுன்டரில் இருந்தவர் பாக்டீரியா கல்ச்சருக்குப் பில் போட்டார். கேட்டால், "கல்ச்சர்னா எல்லாம் ஒண்ணுதானுங்க" என்கிறார். ஒன்றே இல்லை. பூஞ்சைக்குச் சபுராடு அகார் என்ற ஊட்டக் கூழ் ஊற்றிய தனித் தட்டு இருக்கிறது. வாதாடி மாற்றினேன். அப்புறம் சாம்பிள் எடுக்க ஓர் ஆண் வந்து நிற்க, "ஆம்பளப் பையன்கிட்டக் காட்ட மாட்டேன் கண்ணு" என்று அம்மாயி எழுந்துவிட்டார். பெண் ஊழியர் வரும்வரை காத்திருந்தோம். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதையும் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வந்த ரிப்போர்ட்டில் 'கேண்டிடா இனம்' என்று மட்டும் இருந்தது. கேண்டிடா என்பது ஈஸ்ட்டின் குடும்பப் பெயர் மாதிரி, அதில் எந்த வகை என்று இல்லை. மருந்துப் பரிசோதனை எங்கே என்றால், "தட்டை அப்பவே தூக்கிப் போட்டாச்சுங்க" என்றார்கள். வளர்ந்த ஈஸ்ட் இல்லாமல் அந்தப் பரிசோதனை செய்யவே முடியாது. மறுபடி சுரண்டல், மறுபடி பணம்.

கோயம்புத்தூர் லேபில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அங்கே மைக்ரோபயாலஜி டாக்டரம்மா தட்டையே காட்டினார். நிறம் காட்டும் அந்த அகாரில் கேண்டிடாவின் ஆல்பிகன்ஸ் வகை பச்சையாக வளருமாம். எங்களுடையது நீலம், அதாவது ட்ராபிகாலிஸ் வகை. ஃப்ளூகோனசோலுக்கு எதிரே 'ஆர்', அதாவது கட்டுப்படாது. மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பதற்கு எழுத்தில் பதில் கிடைத்தபோது எனக்குப் பாதி பாரம் இறங்கியது. பெயருக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டியதும் வீணில்லை. க்ரூசேய் என்ற வகைக்கு ஃப்ளூகோனசோல் இயல்பிலேயே வேலை செய்யாது என்பதால், அங்கே பெயர் தெரிந்தாலே அந்த மாத்திரையை ஒதுக்கிவிடலாம் என்றார் டாக்டரம்மா.

தோல் டாக்டர் மருந்தை மாற்றினார், இடுக்கை ஈரமில்லாமல் வைக்கச் சொன்னார், சர்க்கரையையும் இறக்கச் சொன்னார். புண் காய்ந்து வருகிறது.

ஒன்று கவனியுங்கள். 'ஆர்' என்ற எழுத்தைப் பார்த்ததும் பூசும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்த அளவுகோல் பெரும்பாலும் ரத்தத்தில் பரவும் தொற்றை வைத்து வகுத்தது. களிம்பில் மருந்து அதைவிடப் பல மடங்கு செறிவாக இருக்கும் என்பதால், அது பயன்படுமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.