சங்குப்பூ, சுண்ணாம்பு, பதநீர்: வீட்டு வேதியியல், இதுவரை

அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் சாறு ஒன்றை வீட்டிலேயே செய்ய வேண்டியிருந்தது. சங்குப்பூ கைக்கு வந்த பிறகுதான் வேலை நகர ஆரம்பித்தது. பார்த்த செய்முறைகளில் எல்லாம் சிவப்பு முட்டைக்கோஸ். தமிழக, கேரள எல்லையில் இருக்கும் எங்கள் களியக்காவிளைச் சந்தையில் அதைத் தேடி அலைவதைவிட வேலியில் படர்ந்து கிடப்பதைப் பறிப்பது மேல். உலர்த்திய பூ ஒரு கைப்பிடி, ஒரு டம்ளர் வெந்நீர், பத்து நிமிடம். வடிகட்டினால் கருநீலச் சாறு கிடைக்கிறது. எலுமிச்சைச் சாறு விழுந்தால் ஊதா, இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. ஆப்பச் சோடா கரைசலில் நீலப்பச்சை. சுண்ணாம்புத் தெளிநீரில் பச்சை. சற்று நேரம் விட்டால் மஞ்சள் பக்கம் சாய்கிறது. லிட்மஸ் தாளுக்கு அமிலமா காரமா என்ற இரண்டே பதில்தான் தெரியும். இந்தப் பூ அதைவிடப் பேச்சுக்காரி. விஞ்ஞானி ராபர்ட் பாயில் 1664-ல் அமில காரச் சோதனைக்கு வயலட் பூச்சாற்றைத்தான் பயன்படுத்தினார் என்பதால், பூவை வைத்துச் சோதிப்பது குழந்தை விளையாட்டு என்று யாரும் இளப்பமாகப் பார்க்க வேண்டாம்.

சாறு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். வடிதாளில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி, துண்டு துண்டாக வெட்டி டப்பாவில் போட்டுக்கொண்டால் நீண்ட நாள் வரும்.

அமிலம், காரம், செறிவு, நடுநிலையாக்கல், மோல் என்று பள்ளியோடு விட்டுப்போன சொற்களைக் கையால் தொட்டுப் பார்ப்பதுதான் நோக்கம். இன்னும் காரத்தையே தாண்டவில்லை. காரணம் பதநீர்.

பனையேறும் மாமாவிடம் பங்குனியில் பதநீர் வாங்கினேன். கலயத்தின் உட்புறம் முழுக்கச் சுண்ணாம்புப் பூச்சு. “தம்பி, சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துவிடும், குறைந்தால் கள்ளாகிவிடும்” என்றார். வேதியியல் இதையே நீட்டிச் சொல்கிறது. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் பெரும்பாலும் நீரும் சுக்ரோஸ் என்ற சர்க்கரையும். காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைத்து, எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும். பிறகு வேறு பாக்டீரியா வந்து எத்தனாலை அசெட்டிக் அமிலமாக்கிப் புளிக்க வைக்கும். சுண்ணாம்பு காரம்; காரம் மிகுந்த இடத்தில் ஈஸ்டுக்குப் பிழைப்பு இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. இந்தப் பக்கம் கள்ளுக்குத் தடை, பதநீருக்கு இல்லை. சட்டம் பிரித்துப் பார்ப்பதை, கலயத்தில் பூசிய சுண்ணாம்புதான் பிரித்து வைக்கிறது.

பதநீரில் சங்குப்பூத் தாளை நனைத்தேன்: பச்சை. மேலாகத் தெளிந்ததை மட்டும் ஊற்றித் திறந்து வைத்தபோது, பச்சை மங்கி நீலமாகி, பிறகு ஊதா தட்டியது, நுரையும் வந்தது. அதைக் கொட்டிவிட்டேன். குடித்துப் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்புகிறவர் நம்பலாம்.

அப்போதுதான் உருப்படியான கேள்வி வந்தது. சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிராம்தான். இவ்வளவு கொஞ்சமாகக் கரைவது இரவு முழுக்க ஈஸ்டை எப்படித் தடுத்து நிறுத்தும்?

இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றில் தெளிந்த சுண்ணாம்பு நீர் 100 மி.லி. மற்றதில் அதே அளவு நீரோடு ஒரு தேக்கரண்டி சுண்ணாம்புக் களியைக் கலக்கிய வெள்ளைக் குழம்பு. தாளில் இரண்டும் ஒரே நிறம். அமிலம், காரம் எவ்வளவு என்று சொல்லும் பி.எச். அளவு இரண்டிலும் ஒன்றுதான், 12-க்குச் சற்று மேல் (7 நடுநிலை, அதற்கு மேல் காரம்). இனி எலுமிச்சைச் சாறு. தெளிநீர் ஒரு தேக்கரண்டிச் சாற்றிலேயே பச்சையை விட்டு நீலத்துக்கு வந்துவிட்டது. குழம்போ முழுப் பழத்தை விழுங்கிவிட்டு அசையாமல் பச்சையாகவே நின்றது. அடுத்த பழத்தைப் பிழிந்தபோதும் கலக்கக் கலக்கப் பச்சை திரும்பி வந்தது.

நிறம் சொல்வது அந்த நேரத்துக் கையிருப்பை. வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. கரைந்த ஹைட்ராக்சைடை அமிலம் தீர்க்கத் தீர்க்க, அடியில் கரையாமல் கிடந்தது கரைந்து ஈடுகட்டுகிறது. கலயத்துக்குள் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றாமல் ஏன் பூசுகிறார்கள் என்பது இப்போது விளங்குகிறது. சொட்டுச் சொட்டாக விழும் சாறு பூச்சைத் தொட்டுக்கொண்டே நிரம்புகிறது, இருப்பு தீர்வதில்லை. செறிவு வேறு, மொத்த அளவு வேறு என்று பாடத்தில் படித்ததைவிட இது ஆழமாக இறங்கியது.

பி.எச். அளவுகோலை டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் 1909-ல் வகுத்தது கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். நொதித்தலோடு மல்லுக்கட்டும் இடத்தில்தான் அது பிறக்க வேண்டியிருந்தது. ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ரப்பர் பாலையும் தொட்டுப் பார்த்தேன். இந்தப் பக்கம் வந்துவிட்டு ரப்பரை விட முடியுமா? ரப்பர் துகள்கள் எதிர்மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் மிதக்கும் கூழ்மம் அது. அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணித்தால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். ஷீட் அடிப்பவர்கள் ஃபார்மிக் அமிலத்தை நீர்த்து ஊற்றுகிறார்கள்; நான் வினிகரோடு நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் அடர் ஃபார்மிக் அமிலம் தோலைப் பொசுக்கிவிடும். தாள் ஊதாவுக்குத் திரும்பியதும் சிரட்டைக்குள் பால் கட்டியாகிவிட்டது. விரலால் அழுத்தினால் தெளிந்த நீர் பிதுங்கி வருகிறது. சுண்ணாம்பைப் போல இதில் என் மனம் ஒட்டவில்லை.

அடுத்தது எடை. மோல், அதாவது துகள்களை ஒவ்வொன்றாக எண்ணாமல் எடையால் எண்ணும் கணக்கு, எனக்குச் சுண்ணாம்பிலேயே ஓடுகிறது. சிப்பி பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் 100 கிராமைச் சூளையில் நீற்றினால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போய், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அது 18 கிராம் நீரை வாங்கிக் கொதித்து 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பாகும். இந்த ஐந்து எண்ணும் அந்தந்தப் பொருளின் ஒரு மோல் எடைகள். சுட்ட கல்லில் நீர் விடுவதை வீட்டில் செய்யப்போவதில்லை. தெறித்தால் கண் போய்விடும். தெளிநீரைக் கையாளும்போதே கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் முதல் வேலை, சர்க்கரைக் கரைசலில் சுண்ணாம்பு எவ்வளவு கூடுதலாகக் கரைகிறது என்று பார்ப்பது. வெறும் நீரைவிட அதிகம் கரையும் என்பது தெரிந்ததே. எவ்வளவு என்பதைப் பதநீரின் இனிப்பு அளவுக்கே கரைசல் செய்து, வடிகட்டி, எலுமிச்சைக்குப் பதில் அளவு தெரிந்த சிட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கணக்கிட வேண்டும். பனை சீசன் முடிவதற்குள் தராசு வந்தால் மாமாவின் கலயத்துப் பதநீரையும் அதே வரிசையில் வைத்துவிடலாம்.