தொப்பி விளிம்பில் காலர் மைக்: மூன்று மாத சோதனைக் குறிப்பு

சைக்கிள் பழுது பார்ப்பதை வீடியோவாக எடுத்து வருகிறேன். பஞ்சர் ஒட்டுவது, பிரேக் கேபிள் மாற்றுவது, சக்கரத்தில் கோட்டம் எடுப்பது என்று நேரம் கிடைக்கும்போது ஒன்று. படம் சீக்கிரமே கைக்குப் பழகிவிட்டது. குரல்தான் படுத்தி எடுத்தது. போன் முக்காலியில் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும். நான் சக்கரத்தின் மேல் குனிந்தபடி பேசுவேன். போட்டுக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருக்கும்.

இதில் போன் மேல் குற்றமில்லை. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். 20 செ.மீ.யிலிருந்து 2 மீட்டருக்குப் போனால் 20 டெசிபல் போய்விடும். ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அறைக்குள் எங்கே நின்றாலும் ஏறக்குறைய அதே அளவில்தான் கேட்கும். குரல் இறங்க இறங்க அறை மேலே வந்துவிடுகிறது. இதை எடிட்டிங்கில் சரிசெய்ய நானும் நிறைய முயன்றேன். குரலைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடுகிறது. மைக் வாய்க்குப் பக்கத்தில் வந்தே ஆகவேண்டும்.

சோதிப்பதற்கு ஒரே வரியை வைத்துக்கொண்டேன். "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் மேல் சறுக்கி வழுவழுக்கிக் கீழே விழுந்தான்." அதன் பின்னால், "சைக்கிள், ஸ்போக், ஸ்விட்ச், பம்ப், பின்சக்கரம், பெடல்." முதல் பாதியில் ழ, ள, ல மூன்றும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். இரண்டாம் பாதியில் ஸ என்ற சீறல் மழுங்காமல் வர வேண்டும், ப வரும் இடங்களில் மூச்சுக்காற்று 'புஸ்' என்று மைக்கில் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு மைக்கிலும் இதையே இரண்டு முறை பதிவு செய்து, ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேட்டேன். போன் ஸ்பீக்கரில் கேட்டால் எல்லா மைக்கும் ஒன்று போலவே இருக்கும்.

முதலில் வயர் வைத்த காலர் மைக். சத்தம் அருமை. இன்றைக்கும் உட்கார்ந்து பேசும் வீடியோவுக்கு, கையில் இருக்கும் காசுக்கு இதைவிடத் தெளிவான குரல் கிடைக்காது என்றே சொல்வேன். பேட்டரி கவலை இல்லை, சிக்னல் கவலை இல்லை. வாங்கும்போது பின்னை மட்டும் பார்க்க வேண்டும். மூன்று கருப்பு வளையம் இருந்தால் டிஆர்ஆர்எஸ், போனுக்கானது. இரண்டு வளையம் இருந்தால் டிஆர்எஸ், கேமராவுக்கானது. என் வேலைக்கு அது ஒத்துவரவில்லை. ஸ்டாண்டில் ஏற்றிய சைக்கிளைச் சுற்றி வந்து பெடலைச் சுற்றியபோது வயர் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) மாட்டி, போனையும் முக்காலியையும் சேர்த்து இழுத்துவிட்டது. போன் தப்பியது. வயர் இல்லாத மைக் தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

வீட்டில் இருந்த புளூடூத் இயர்போனை முதலில் முயன்றேன். பாட்டுக் கேட்கும்போது நன்றாக இருக்கும் அதே கருவி, மைக்கை இயக்கியதும் போன் அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது. அந்த முறையில் ஒலியை நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் மாதிரி எடுக்கும். மாதிரி எண்ணிக்கையில் பாதி வரைக்கும் உள்ள அதிர்வெண்கள்தான் பதிவாகும். அதாவது 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸோடு சரி. ஸ என்ற ஒலியின் உயிர் பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. என் பதிவில் 'ஸ்போக்' கிட்டத்தட்ட 'போக்' என்று கேட்டது. உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் போனது தனி. புளூடூத்தில் 100, 200 மில்லிநொடி தாமதம் சாதாரணம். நொடிக்கு 30 பிரேம் எடுக்கும் வீடியோவில் ஒரு பிரேம் 33 மில்லிநொடிதான்.

வீடியோவுக்கென்று வரும் வயர்லெஸ் காலர் மைக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தமக்கென்று தனி இணைப்பை வைத்துக்கொள்கின்றன. சட்டையில் மாட்டும் சின்னப் பெட்டிக்குள்ளேயே மைக், பேட்டரி, டிரான்ஸ்மிட்டர் மூன்றும் அடக்கம். ரோட் நிறுவனத்தின் வயர்லெஸ் கோ 2019-ல் வந்தபோது அந்தப் பெட்டி 31 கிராம். பிறகு வந்த டிஜேஐ மைக் மினியில் 10 கிராம், ஹாலிலேண்ட் லார்க் எம்2-வில் 9 கிராம். இந்த எடைக் குறைவு எனக்கு எவ்வளவு உதவியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் முதலில் வாங்கியது பெயர் சொல்லும்படியான நிறுவனத்தினுடையது இல்லை. இருப்பதிலேயே விலை குறைந்த வகை. மைக் அனுப்பும் ஒலியை வாங்கிப் போனுக்குக் கொடுக்கும் ரிசீவரை டைப்-சி துளையில் செருகினேன், விளக்கு எரிந்தது, பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்தேன். கேட்டால் பழைய கிணற்றுக் குரலேதான். மைக் கெட்டது என்று திருப்பி அனுப்பவே முடிவு செய்துவிட்டேன். அப்புறம்தான் ஒரு எளிய சோதனை தோன்றியது: பதிவு ஓடும்போது மைக்கின் மேல் நகத்தால் சுரண்டிப் பார்ப்பது. மைக் வழியாக ஒலி போனால் 'கர்ர்' என்று காது கிழியும். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. போனோடு வந்த கேமரா ஆப் வெளி மைக்கைக் கண்டுகொள்ளாமல் தன் மைக்கிலேயே பதிவு செய்திருக்கிறது.

சரி, மைக் மேல் தவறில்லை. ஓப்பன் கேமரா என்ற இலவச ஆப்பை இறக்கி, அதன் வீடியோ செட்டிங்ஸில் ஆடியோ சோர்ஸ் என்ற இடத்தில் எக்ஸ்டர்னல் மைக் என்று மாற்றினேன். குரல் சட்டென்று காதருகே வந்தது. சில போன்களில் ஓடிஜி என்பதை, அதாவது வெளிக் கருவிகளை இணைக்கும் வசதியை, தனியாக இயக்க வேண்டும். சற்று நேரம் சும்மா விட்டால் அது தானாக அணைந்தும் விடும். போன் உறை தடிமனாக இருந்தால் ரிசீவர் முழுதாக உட்காராது. ரிசீவர் செருகியிருக்கும்போது பதிவைப் போட்டுக் கேட்டால் ஸ்பீக்கரில் சத்தமே வராமல் போகலாம், ஏனென்றால் போன் அதை ஹெட்போன் என்று நினைத்து ஒலியை அங்கே அனுப்பிவிடுகிறது. கழற்றிவிட்டுக் கேட்டால் எல்லாம் பத்திரமாக இருக்கும். மைக் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களுக்கு முதலில் இந்த நகச் சோதனையைச் செய்யத்தான் சொல்கிறேன்.

அந்த மைக்கில் மூன்று வாரம் ஓட்டினேன். குரல் பக்கத்தில் வந்துவிட்டது, உண்மை. ஆனால் இரண்டு விஷயம் உறுத்தியது. ஒன்று, ஸ இன்னும் மழுங்கலாகவே இருந்தது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் பதிவைத் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்பதை வண்ணமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில் பார்த்தேன். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியது போல வெறுமை. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே ஒலி 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரியில்தான் பயணிக்கிறது. நல்ல மைக் 48 கிலோஹெர்ட்ஸில் எடுக்கும். படத்தில் வண்ணம் 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் வரை ஏறி நிற்கும். யாருடைய கருத்தும் தேவைப்படாமல் நீங்களே வீட்டில் பார்க்கக்கூடிய சோதனை இது. இரண்டு நிமிடம் ஆகாது.

இரண்டாவது, அதில் இரைச்சல் நீக்கம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருந்தது, அணைக்க வழியில்லை. பேச்சை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இரைச்சல் என்று துடைத்துவிடுகிறது. என் வீடியோவில் ஃப்ரீவீலின் 'டிக் டிக்' சத்தம் வேண்டும். பிரேக் கட்டை ரிம்மில் உரசும் சத்தம் வேண்டும். செயின் அடுத்த பல்லுக்கு ஏறும் அந்த 'க்ளக்' வேண்டும். கோட்டம் எங்கே இருக்கிறது என்பதை நான் பாதி காதால்தான் கண்டுபிடிக்கிறேன். பார்ப்பவருக்கும் அது கேட்க வேண்டும். அந்த மைக் இவற்றையெல்லாம் தின்றுவிட்டு, வார்த்தையின் கடைசி எழுத்தையும் கொஞ்சம் கடித்துவிட்டது. 'விழுந்தான்' என்பது 'விழுந்தா' என்று நின்றது.

ஆகவே இரண்டாவது முறை தேடும்போது நான் கேட்ட கேள்விகள் மாறிவிட்டன. 48 கிலோஹெர்ட்ஸா? இரைச்சல் நீக்கத்தை முழுக்க அணைக்க முடியுமா? ரிசீவரின் பின்பக்கம் சார்ஜ் போட இன்னொரு துளை இருக்கிறதா? (அது இல்லையென்றால் ஒரு மணி நேரப் பதிவில் போன் இறங்கிவிடும், இருக்கும் ஒரே துளையை மைக் அடைத்துக்கொள்ளும்.) டிரான்ஸ்மிட்டர் எத்தனை கிராம்? விளம்பரத்தில் பெரிதாகப் போடும் தூரக் கணக்கை நான் பார்க்கவே இல்லை. போனிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் நான் போவதில்லை. இரண்டு டிரான்ஸ்மிட்டர் உள்ள செட்டும் வேண்டாம் என்று விட்டேன், பேசுவது நான் ஒருவன்தான். இரண்டு பேர் பேசுவதாக இருந்தால் இரண்டு குரலும் தனித்தனி டிராக்கில் வருமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவற்றில் பலவும் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும்; ஒருவர் இருமினால் மற்றவர் பேச்சோடு சேர்த்துத்தான் வெட்ட வேண்டும்.

இருப்பதிலேயே குறைந்த விலைக்கும் அதற்கு அடுத்த படிக்கும் உள்ள வித்தியாசம்தான் மிகப் பெரியது என்பது என் அனுபவம். அதற்கு மேலே போகப் போகக் கிடைப்பவை 32-பிட் ஃப்ளோட் (அளவு எகிறினாலும் பின்னால் இறக்கிச் சரிசெய்யக்கூடிய பதிவு முறை), டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவு போன்ற பாதுகாப்பு வசதிகள். வேண்டியவர்களுக்கு அவை அவசியம்; இப்போதைக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

புது மைக் வந்த அன்றே ஸ்பெக்ட்ரோகிராம் பார்த்தேன். மேலே வரை நிறைந்திருந்தது. 'ஸ்போக்' ஸ்போக்காகவே கேட்டது. அளவை, சாதாரணமாகப் பேசும்போது உச்சம் -12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைத்தேன் (பதிவில் 0 தான் மேல் வரம்பு, அதைத் தாண்டினால் ஒலி உடையும்). சுத்தியல் தட்டும்போது எகிறினாலும் உடையாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இனி மாட்டும் இடம். எனக்கு அதிக நாள் பிடித்தது இதுதான். தாடைக்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் மாட்டுவதுதான் வழக்கம். நிமிர்ந்து உட்கார்ந்து பேசினால் அது சரியாக வரும். நானோ குனிகிறேன், திரும்புகிறேன். குனிந்தால் 20 செ.மீ. தூரம் 10 செ.மீ. ஆகி, குரல் 6 டெசிபல் ஏறிக் கும்மென்று அடைக்கிறது. பக்கவாட்டில் திரும்பினால் குறைகிறது. துணி தொங்கி மைக்கில் உரசுகிறது. போனுக்கு முதுகைக் காட்டி நின்றால் நடுநடுவே ஒலி விட்டுவிட்டு வருகிறது, அதுவும் மூன்றே மீட்டரில். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது உறிஞ்சிக்கொள்கிறது. வைஃபையும் அதே அலைவரிசையில் இருப்பதால் ரவுட்டரை ஒட்டி நின்றால் இன்னும் மோசம்.

காலரில், தோள்பட்டையில், ஏப்ரன் வாரில் என்று மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. நாடக மேடையில் நடிகர்களுக்கு நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில் மைக் ஒட்டுவார்கள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் வாயும் மைக்கும் சேர்ந்தே திரும்பும், தூரம் மாறாது. எப்படியும் வேலை செய்யும்போது தொப்பி போடுகிறேன். விளிம்பின் அடியில், நெற்றியை ஒட்டி மாட்டினேன். மைக் 10 கிராமுக்குள் இருப்பதால் தொப்பி சரியவில்லை. 31 கிராம் பெட்டியாக இருந்தால் கண்ணை மறைத்திருக்கும்.

அந்தப் பதிவை முதல் முறை கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் ஒரே குரல். தாடையின் மறைப்பு இல்லாததால் நெஞ்சில் மாட்டியதைவிட மெய்யெழுத்துகள் கூர்மை. மூச்சுக்காற்று வாயிலிருந்து முன்னாலும் கீழேயும் போவதால் 'பம்ப்', 'பெடல்' எதிலும் 'புஸ்' இல்லை. முதுகைக் காட்டி நின்றாலும் ஒலி அறுபடவில்லை. மைக்குக்கும் ரிசீவருக்கும் இடையே இப்போது நெஞ்சும் முதுகும் இல்லை, தலை மட்டும்தான். அடித்தொனி மட்டும் சற்றுக் குறைந்தது போலிருந்தது. எடிட்டிங்கில் கொஞ்சம் ஏற்றினால் போதும். தொப்பியைக் கையால் தொடாமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும், வேர்வை மைக் துளையில் இறங்காமல் அவ்வப்போது துடைக்க வேண்டும். முகம் தெளிவாகத் தெரிய வேண்டிய வீடியோவுக்கு இது ஆகாது, விளிம்பின் நிழல் விழும். என் வீடியோவில் எல்லோரும் பார்ப்பது கையையும் சக்கரத்தையும்தான்.

இதுவரை ஒன்பது வீடியோ இப்படி எடுத்தாயிற்று. ஒவ்வொன்றும் தொடங்கும் முன் நகத்தால் ஒரு சுரண்டல், பிறகு ஏழைக் கிழவன் ஒரு முறை, ஹெட்போனில் ஒரு கேட்பு. ஒரு நாள் மட்டும் அவசரத்தில் இதை விட்டுவிட்டேன். அன்று சார்ஜ் இல்லாமல் பாதியில் மைக் அணைந்து, பின்சக்கர ஹப்பைப் பிரித்த பகுதி முழுக்கக் குரலில்லாமல் போனது. அதைத் திரும்ப எடுத்தேன்.

போன வாரம் வெளியே ஓட்டிக்கொண்டே பேசிப் பார்த்தேன். கருப்பு ஸ்பாஞ்ச் உறை மெல்லிய காற்றைக்கூடத் தாங்கவில்லை. முடி வைத்த உறை போட்டதும் மெதுவாக ஓட்டும்வரை குரல் தெளிவாக இருந்தது, வேகம் கூடியதும் காற்று வென்றுவிட்டது. அடுத்த முறை மைக்கை விளிம்பின் அடியிலிருந்து எடுத்து, தொப்பியின் பக்கவாட்டில் காதுக்கு மேலே, காற்று நேராகப் படாத இடத்தில் மாட்டி ஓட்டப் போகிறேன். அதே வரியை அதே சாலையில் மூன்று வேகத்தில் சொல்லிப் பதிவு செய்து வைப்பதாக இருக்கிறேன்.