கியூ-கியூ பிளாட்டில் இனவாரியாக நிறம்: பென்குயின் தரவோடு பட்ட பாடு

பால்மர் பென்குயின் தரவில் துடுப்பு நீளத்தை நார்மல் கியூ-கியூ பிளாட்டாகப் (தரவின் மதிப்புகளை, மணிவடிவ நார்மல் பரவலில் எதிர்பார்க்கும் மதிப்புகளோடு ஒப்பிடும் படம்; தரவு நார்மல் என்றால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும்) போட்டால் நேர்கோடு வராது, நடுவில் நெளியும். அன்டார்க்டிகாவில் 2007 முதல் 2009 வரை அளந்தவை. அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ என மூன்று இனம். அந்த நெளிவில் எந்த இனம் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் புள்ளிகளுக்கு நிறம் வேண்டும். எனக்குத் தேவை அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் முழுக்க அதிலேயே போனது.

ஆர் மொழியில் படம் வரையும் தொகுப்பான ஜிஜிபிளாட்2-இல் கலர் = இனம் என்று கொடுத்தேன். மூன்று நிறத்தில் மூன்று வரிசை வந்தது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய நேராக. நெளிவையே காணோம்! நிறம் கொடுத்ததுமே அது தரவை மூன்றாகப் பிரித்து, குவான்டைலைத் (ஒவ்வொரு புள்ளிக்கும் நார்மல் பரவலில் எதிர்பார்க்கும் மதிப்பு) தனித்தனியாகக் கணக்கிட்டுவிடுகிறது. ஒவ்வொரு இனமும் நார்மலா என்று பார்ப்பவருக்கு அது சரியான படம். மொத்தத் தரவு ஏன் நெளிகிறது என்று கேட்பவருக்கு உதவாது. குரூப் = 1 சேர்த்தால் குழு ஒன்றாகிறது, நிறம் காணாமல் போகிறது.

கைகொடுத்தது ஆரின் பழைய கட்டளையான கியூகியூநார்ம்தான். அது குவான்டைல்களைத் தரவு இருந்த வரிசையிலேயே திருப்பித் தருகிறது, விடுபட்ட மதிப்புகளின் இடம் உட்பட. படம் வரையாமல் எண்களை மட்டும் வாங்கி, இனப் பத்தியைப் பக்கத்தில் சேர்த்து, சாதாரணப் புள்ளிப் படமாகப் போட்டேன். அப்பாடா, வந்துவிட்டது. ஆனால் இரண்டு மாதிரிகளை ஒப்பிடும் கியூகியூபிளாட்டில் இந்த வழியை நம்பாதீர்கள், அது இரண்டையும் வரிசைப்படுத்திவிடும்.

அப்புறம் அதே கோப்பை வைத்துப் பைத்தானிலும் படம் தேவைப்பட்டது. பைத்தானின் அறிவியல் கணக்குத் தொகுப்பான சைப்பையில் இதே கணக்கைச் செய்யும் ப்ராப்பிளாட் தருவது சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிய மதிப்புகளை. இனப் பத்தியை அப்படியே நிறமாகக் கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, நிறங்கள் மட்டும் தப்பான புள்ளிகளில் விழும். ரொம்ப ஆபத்தான இடம் இது. கோப்பில் அடேலி, ஜென்டூ, சின்ஸ்ட்ராப் என்று இனம் இனமாகவே அடுக்கியிருப்பதால், தப்பான படமும் பட்டை பட்டையாகச் சுத்தமாக வந்து நிற்கும். பார்ப்பவர் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

துடுப்பு நீளம் இல்லாத 2 பறவைகளை முதலில் நீக்குங்கள். மீதி 342-க்கும் ஆர்க்சார்ட் (சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க எது முதலில், எது அடுத்து என்று சொல்லும் இட எண்கள்) வாங்கி, இனப் பத்தியையும் அதே வரிசையில் அடுக்கிய பிறகு நிறம் கொடுங்கள். சரிபார்க்க ஒரு வழி உண்டு: இந்தத் தரவில் சின்ஸ்ட்ராப்பின் அதிகபட்சம் 212 மில்லிமீட்டர், அடேலிக்கு 210. எனவே 212-க்கு மேல் உள்ள புள்ளி எல்லாம் ஜென்டூவாக இருக்க வேண்டும். அங்கே வேறு நிறம் ஒன்று தெரிந்தாலும் வரிசை கலைந்திருக்கிறது. சரியான படத்தில் அடேலியும் சின்ஸ்ட்ராப்பும் கீழே கலந்து கிடக்கும், நெளிவு முடிந்து மேலே ஏறும் பகுதி முழுக்க ஜென்டூ.

ஒப்பீட்டுக் கோட்டையும் நிறம் கொடுக்காமல், மொத்தத் தரவின் கால்மானங்கள் இரண்டின் (25%, 75% இடங்கள்) வழியாக ஒரே கோடாகப் போடுங்கள். இல்லாவிட்டால் ஜிஜிபிளாட்2 அதையும் மூன்றாக்கிவிடும்.