ஒரு கண்ணுக்கு மட்டும் வந்த பனி

போன வருடம் ஐப்பசியில் ஒரு காலை, கோத்தகிரியில் எங்கள் தோட்டத்துக் கொழுந்தை எடை போட்டுக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் மேலிருந்து ஷட்டர் இறங்கின மாதிரி இருட்டியது. பனி இறங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன், எங்கள் ஊரில் அதொன்றும் அதிசயமில்லையே. வலது கண்ணை மூடிப் பார்த்தால் தராசு முள்ளே தெரியவில்லை, இடதை மூடினால் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்காரிதான் விடவில்லை, மறுநாள் மேட்டுப்பாளையம் இறங்கி கோவைக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் முதலில் திட்டினார், இது பக்கவாதத்துக்கு முன்னோட்டம், அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்று. கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில், மூளைக்கும் கண்ணுக்கும் போகிற இடது ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்து 40 சதவீதம் அடைப்பு. அங்கிருந்து துணுக்கு ஒன்று கழன்று கண்ணுக்குப் போயிருக்கிறது. 50-க்குக் கீழே என்பதால் ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும் என்றார். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 75, குளோபிடோகிரெல் 75, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40, பிரஷருக்கு ஒன்று. முப்பது வருடப் பீடியை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார், மாத்திரையை விட அதுதான் கஷ்டம்.

சொதப்பல் நடந்தது குளோபிடோகிரெலில். சீட்டில் 21 நாள் என்று எழுதியிருந்தது, மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி எல்லாவற்றையும் மாதாமாதம் வாங்கிக்கொண்டே இருந்தேன், அவர்களும் கேட்கவில்லை, நானும் படிக்கவில்லை. மூன்றாவது மாதம் பல் தேய்த்தால் ரத்தம், தேயிலைச் செடி லேசாக உரசின இடத்திலெல்லாம் கருநீலம். முதல் மூன்று வாரம்தான் பக்கவாத ஆபத்து அதிகம், அதற்குத்தான் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மருந்து, அதற்கப்புறமும் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ரத்தக்கசிவுதான் மிஞ்சும் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது அந்த இரண்டில் ஆஸ்பிரின் மட்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், குளோபிடோகிரெலை நான் டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தினேன்.

எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 148-லிருந்து 84-க்கு இறங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷம், அவருக்கு இல்லை. 70-க்குக் கீழே வர வேண்டுமாம். அட்டோர்வாவை 80 ஆக்கலாமே என்று கேட்டேன். இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாக 6 சதவீதம்தான் குறையும், உங்களுக்கு ஏற்கெனவே இந்த மாத்திரையால் கெண்டைக்கால் வலி வேறு என்று சொல்லி எசிடிமைப் 10 சேர்த்தார். அட்டோர்வா கல்லீரலில் கொழுப்பு தயாராவதைக் குறைக்கும், இது சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவதைத் தடுக்கும். அடுத்த சோதனையில் 65. டீக்கு வர்க்கி தொட்டுச் சாப்பிடுவதையும் நிறுத்தியிருந்தேன், ஆனால் மாத்திரை செய்ததை வர்க்கி மேல் போட மாட்டேன்.

போன வாரம் மறுபடி டாப்ளர். அதே 40.

"குறையவே இல்லையா டாக்டர்?" என்றேன்.

"ஏறலையே, அதைப் பாருங்க" என்றார்.