கவுன்சிலர் போடும் ஒரு டிக்

பெரியவள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், அதனால் இதை இப்போதுதான் நிதானமாக எழுத முடிகிறது. அமெரிக்காவில் ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ பிள்ளை படிக்கும் நம் ஆட்கள் நாலு பேர் படித்தாலும் போதும்.

கல்லூரி விண்ணப்பம் என்றால் ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி), எஸ்ஏடி (கல்லூரி நுழைவுக்கான தேர்வு), கட்டுரை எல்லாம் எல்லோருக்கும் தெரியும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் பள்ளிக் கவுன்சிலர், அதாவது பாடத்துக்கும் கல்லூரிக்கும் வழிகாட்டும் பள்ளி ஊழியர், தனியாக நிரப்பி அனுப்பும் ஸ்கூல் ரிப்போர்ட் பற்றி யாரும் பேசுவதில்லை. அதில் ஒரு கேள்வி: கல்லூரிக்குத் தயாராகும் உங்கள் பள்ளியின் மற்ற மாணவர்களோடு பார்த்தால் இவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம்? 'மோஸ்ட் டிமாண்டிங்' என்பதுதான் உச்சம், அதற்கு அடுத்தது 'வெரி டிமாண்டிங்', அப்படியே கீழே இறங்கும். ஒப்பீடு உங்கள் பள்ளிக்குள்ளேதான். நாலே நாலு ஏபி (கல்லூரித் தரப் பாடம்) வகுப்பு நடத்தும் பள்ளியில் நாலையும் எடுத்த பிள்ளைக்கு உச்ச டிக் கிடைக்கலாம், இருபது நடத்தும் பள்ளியில் அதே நாலு எடுத்தவருக்குக் கிடைப்பது கஷ்டம். கூடவே போகும் ஸ்கூல் ப்ரொஃபைலில் பள்ளியில் என்னென்ன வகுப்புகள் உண்டு என்று இருக்கும், அதை வைத்துக்கொண்டுதான் கல்லூரிகள் மதிப்பெண் பட்டியலையே படிக்கின்றன.

எங்களுக்கு இது பன்னிரண்டாவது வருட செப்டம்பரில்தான் தெரிந்தது. என் மகள் நாலு வருடமும் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்தாள், அதற்குத் தினமும் ஒரு பீரியட் போய்விடும். இத்தனை ஏபி இருந்தால்தான் உச்ச டிக் என்று அவள் பள்ளியில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள், அது எங்கேயும் எழுதிப் போடப்படவில்லை, இவளுக்கு ஒன்று குறைந்தது. கவுன்சிலர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்த வருடம்தான் வேலைக்கு வந்தவர், அவள் வயலின் வாசிப்பாள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவள் குணம் எப்படி, படிப்பு எப்படி என்று மதிப்பிட்டுக் கடிதம் எழுத வேண்டியவரும் அவரேதான்!

அவரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அவர்களுடைய தேசிய சங்கமே பரிந்துரைக்கும் அளவு, நாட்டின் சராசரியோ 350ஐத் தாண்டி நிற்கிறது. ஆனால் உச்ச டிக்குக்கு இத்தனை ஏபி என்ற கணக்கை ஒன்பதாவதிலேயே பெற்றோரிடம் சொல்லாதது அநியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லியிருந்தாலும் வயலினை விடச் சொல்லியிருக்க மாட்டோம், ஆனால் தெரிந்து முடிவெடுத்திருப்போம், கோடையில் ஏதாவது ஒரு பாடத்தை முடித்து ஒரு பீரியடைக் காலி செய்திருக்கலாம்.

அதனால் பிள்ளை பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே போய் நேராகக் கேளுங்கள்: இந்தப் பள்ளியில் 'மோஸ்ட் டிமாண்டிங்' எதை வைத்து முடிவாகிறது? அப்புறம், பதினொன்றாவது முடிவதற்குள் பிள்ளை தானே இரண்டு மூன்று முறை கவுன்சிலரைப் போய்ப் பார்க்கட்டும், நாம் போய் உட்காருவது வேறு. பிராக் ஷீட் (கடிதம் எழுதுவதற்காகப் பிள்ளை தன்னைப் பற்றி நிரப்பித் தரும் படிவம்) கொடுத்தால் பரிசுப் பட்டியலை நிரப்பாமல், நடந்த ஒன்றிரண்டு சம்பவங்களை எழுதச் சொல்லுங்கள், கடிதத்தில் எடுத்து எழுத அவருக்கு அதுதான் உதவும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் விண்ணப்பத்தோடு கவுன்சிலர் கடிதம் கேட்பதில்லை, ஆனால் எடுத்த பாடங்களைப் பள்ளியில் கிடைப்பதோடு வைத்துப் பார்ப்பது அங்கேயும் உண்டு.

சின்னவன் வரும் பிப்ரவரியில் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவுன்சிலருக்கு மெயில் போட்டு நேரம் வாங்கிவிட்டேன். அவன் டிரம்பெட்டை விடப் போவதில்லை, அதையும் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.