ஹைரைடரில் கிரெட்டா வீல்: ஏழு மில்லிமீட்டர் படுத்திய பாடு

நேற்று ராத்திரி என் டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட்டில் கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் வரை போய்த் திரும்பினேன். 90-இல் ஸ்டீயரிங் ஆடவில்லை. மூன்று வாரமாக அந்த ஒரு நடுக்கத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் வேலை முழுசாக முடியும் முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ராயக்கோட்டை ரோட்டில் இருட்டில் ஒரு பள்ளம் முன் இடது ரிம்மை வளைத்தது. நிமிர்த்தக் கொடுத்த இடத்தில் விரிசலோடு திருப்பிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு ரிம் வாங்கினால் போதுமே என்று வீட்டில் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் அதே வாரம் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பழைய ஹூண்டாய் கிரெட்டாவின் 17 அங்குல அலாய் நான்கு, பாதிக்கு மேல் பட்டன் இருக்கும் டயரோடு 26,000 ரூபாய்க்குக் கண்ணில் பட்டால் என்ன செய்ய? என் வண்டிக்கு உள்ள அதே 215/60 ஆர்17 டயர் அளவு. அதே 5×114.3, அதாவது 114.3 மி.மீ. வட்டத்தில் ஐந்து நட்டு. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

உதைத்தது நடு ஓட்டை. வீல் உட்காரும் ஹப் ஹைரைடரில் 60.1 மி.மீ., கிரெட்டா வீலின் சென்டர் போர், அதாவது அந்த நடு ஓட்டை, 67.1. வித்தியாசம் ஏழு மில்லிமீட்டர், அதாவது சுற்றிலும் மூன்றரை. அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போட்டால் சரியாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தத் திமிரில்தான் ஆன்லைனில் 600 ரூபாய்க்கு நைலான் ரிங் வாங்கி மாட்டினேன்.

அதற்கு முன் நட்டுக் கதை. பெயர் டொயோட்டா என்றாலும் ஹைரைடருக்கு ஓடுவது சுசுகி ரத்தம், நட்டு ஏறும் ஸ்டட் எம்12×1.25, அதாவது 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.25. ஹூண்டாய் நட்டு எம்12×1.5. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கிரெட்டா வீலோடு வந்த நட்டுகளை நான் ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்திருந்தேன். பேலன்சிங் போன இடத்தில் தம்பி ஒருவர் அந்தப் பையைப் பிரித்து, இரண்டு சுற்று கையால் ஏறியதும் இம்பாக்ட் கன்னை வைத்துவிட்டார். அந்தச் சத்தம் மாறியபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அண்ணா, கொஞ்சம் டைட்டா இருக்கு, ஏத்திரவா?" என்கிறார். பின் இடதில் ஒரு ஸ்டட் மரை போயே போச்சு. பையை டிக்கியில் வைத்த என்னைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இந்தக் கூத்தில் ஏ.சி.க்காக வண்டியை 'ரெடி'யிலேயே, அதாவது ஓடத் தயாரான நிலையிலேயே, விட்டிருந்தேன். சத்தமே இல்லாததால் வண்டி அணைந்திருக்கிறது என்று நினைத்து அவர் ஜாக்கி ஏற்றியிருக்கிறார். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் பவர் பட்டனை அணைத்துவிட்டு, சாவியையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தள்ளி நிற்பது நல்லது.

சரி, நைலான் ரிங்குக்கு வருவோம். பேலன்சிங் மெஷினில் நான்கு வீலும் ஜீரோ. ரோட்டில் ஏறினால் 80 தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கியது. திரும்பப் போனேன், மறுபடி ஜீரோ. மூன்றாவது தடவை போனபோது அவர்களுக்கே என்னைப் பார்த்தால் எரிச்சல். யோசித்தால் மெஷின் சொன்னது உண்மைதான். மெஷினில் வீலின் நடு ஓட்டையைக் கூம்பு பிடித்து மையப்படுத்துகிறது. வண்டியில் அந்த வேலையைச் செய்ய வேண்டிய ரிங் லொடலொட என்றால், எந்த நட்டு முதலில் இறுகுகிறதோ அது இழுக்கும் பக்கம் வீல் உட்கார்ந்துவிடும். வெர்னியர் வைத்துப் பார்த்தேன். 67.1 என்று அச்சடித்த ரிங்கின் ஓ.டி., அதாவது வெளி விட்டம், 66.74. தூர எறிய வேண்டிய சரக்கு.

ஓசூர் சிப்காட் பக்கம் தெரிந்த டர்னர் அண்ணன் ஒருவரிடம் போனேன். அளவைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் அவர் மதிக்க மாட்டார் என்று ஒரு வீலையே டிக்கியில் போட்டுக்கொண்டு போனேன். அவர் நடு ஓட்டையை மூன்று இடத்தில் அளந்தார்: 67.12. வண்டிக்கடியில் குனிந்து ஹப்பை அளந்தார்: 60.05. "ஐ.டி. அறுபது பத்து, ஓ.டி. அறுபத்தேழு எட்டு. தள்ளினா போகணும், தட்டினா வரணும்" என்றார். அவர் பாஷையில் உள் விட்டம் 60.10, வெளி விட்டம் 67.08. அலுமினியத்தில் இரண்டு ரிங் அன்றைக்கே கடைந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். நடுக்கம் முன்பைவிட அதிகம்!

அன்று ராத்திரி தூக்கமே இல்லை. காலையில் வீலைக் குப்புறப் போட்டு, ரிங்கை உள்ளே தள்ளி, ஹப்பில் உட்காரும் முகத்தின் மேல் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்தேன். ஸ்கேல் சீசா மாதிரி ஆடியது. நைலான் ரிங்குக்கு ஓரத்தில் ஒரு உதடு இருக்கும். அண்ணன் அதைப் பார்த்து இதற்கும் அப்படியே உதடு வைத்திருந்தார். கிரெட்டா வீலின் நடு ஓட்டை வாயில் இருக்கும் சேம்ஃபர், அதாவது சரிவாகச் சீவிய ஓரம், அதைவிடச் சின்னது. உதடு உள்ளே அடங்காமல் அரை மி.மீ. துருத்திக்கொண்டு நிற்க, வீல் முழு முகத்தில் உட்காராமல் அந்த உதட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நைலான் என்றால் நசுங்கிப் போய்விடும், வெளியே தெரியாது. அலுமினியம் நசுங்கவில்லை. அந்த நிலையில் நான் 100 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச் போட்டு முறுக்கியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

மறுபடி ஓசூர். உதட்டை முழுக்க எடுத்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் லேசாகச் சேம்ஃபர். ஸ்கேலை வைத்தேன், அசையவில்லை. ஹப்பில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரிங்குக்குக் கொஞ்சம் காப்பர் பேஸ்ட். அது இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் அலுமினியமும் இரும்பும் ஒட்டிக்கொள்ளும். வீலைத் தூக்கி வைத்தபோது 'டொக்' என்று ஒரு சத்தம். நட்டே இல்லாமல் வீல் தானாக ஹப்பில் தொங்கியது. அந்தச் சத்தத்துக்காக இன்னும் இரண்டு தடவை கழற்றி மாட்டினேன்.

ரிம்மின் உள்பக்கம் ஒட்டும் பேலன்சிங் வெயிட்டையும் பார்த்துவிடுங்கள். முன் பிரேக் காலிபருக்கும் ரிம்முக்கும் என் சுண்டு விரல்கூட நுழையவில்லை. தடியான வெயிட் ஒட்டினால் உரசும்.

தொப்பூர் இறக்கத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும் பி மோடில் விட்டேன், சாலை வழவழவென்று போகிறது. ஒரு குறை. எஞ்சின் நின்று பேட்டரியில் போகும்போது இந்த டயர் போடும் 'ஊ' சத்தம் நன்றாகவே கேட்கிறது. பெட்ரோல் வண்டியில் யாருக்கும் தெரிந்திருக்காது. மைலேஜும் 22.8-லிருந்து 21.4-க்கு வந்துவிட்டது. கம்பெனி சொல்லும் 27.97-ஐ நான் என்றைக்கும் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். நண்பனின் மாங்காய் மண்டித் தராசில் எடை போட்டேன். டயரோடு என் பழைய வீல் 19.6 கிலோ, கிரெட்டா வீல் 21.9. டயர் தேய்ந்ததும் உருளும் தடை குறைந்த டயராகப் பார்த்துப் போட வேண்டும். எடை குறைந்த ரிம் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வீல் நடுவில் இருக்கும் ஹூண்டாய் 'எச்'சைக் கறுப்பு ஸ்பிரே அடித்தாயிற்று. பின் வீல் இரண்டிலும் இன்னும் நைலான் ரிங்தான். ஸ்டட்டும் மாற்ற வேண்டும், அதுவரை அந்த வீலில் நான்கு நட்டு, 60-க்கு மேல் போவதில்லை என்று முதலில் நினைத்திருந்தேன். நேற்று போனது தப்புதான். இன்று காலை அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துக் காவேரிப்பட்டினம் மெதுவாகப் போனேன். "முன்னாடி நல்லா இருக்குங்கிறே, பின்னாடி ஏன்டா குறுகுறுன்னு வருது?" என்றார். டர்னர் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், வீலோடு.