ஒற்றை மான் இழுத்த சறுக்குவண்டி

பின்லாந்தின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியுள்ள ரொவனியெமி நகரில் டிசம்பர் நடுவில் நான் சென்று இறங்கியபோது, காலை ஒன்பது மணிக்கும் வானம் கருநீலமாகவே இருந்தது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படையினர் தீயிட்டு அழித்த நகரம் இது. மீண்டும் கட்டியெழுப்பியபோது, கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்ட்டோ அதன் தெருக்களை ஒரு துருவமானின் தலையும் கொம்புகளும் போல அமைத்தார். சாண்டா கிளாஸ் கிராமத்தின் கூட்டத்தில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. சிறு வயதில் வாழ்த்து அட்டைகளில் பார்த்துப் பார்த்து மனத்தில் பதிந்துபோன, மான் இழுக்கும் அந்தச் சறுக்குவண்டியில் ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

காட்டோரப் பண்ணையில் எனக்காகக் காத்திருந்தது ஒரே ஒரு மான். அதன் பின்னே தாழ்வான மரச் சறுக்குவண்டி. அதன்மேல் மான்தோல் விரித்திருந்தார்கள். மற்ற மான்கள் எங்கே என்று கேட்டேன். பின்லாந்தின் இந்த வடபகுதியான லாப்லாந்தில் ஒரு வண்டிக்கு ஒரு மான்தான் வழக்கம் என்றும், பல வண்டிகள் போக வேண்டுமானால் ஒவ்வொரு மானையும் முன்னால் செல்லும் வண்டியில் கட்டி வரிசையாக நடத்திச் செல்வார்கள் என்றும் பண்ணையை நடத்தும் பெண்மணி சொன்னார்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் எட்டு மான்கள் பூட்டிய வண்டி இங்கே பிறந்ததல்ல. 1821இல் நியூயார்க்கில் வெளியான ஒரு சிறுவர் நூலில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுத்தது ஒற்றை மான்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1823 டிசம்பர் 23 அன்று, நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் ஆசிரியர் பெயரில்லாமல் வந்த கவிதை, மான்களை எட்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, கூரைக்குக் கூரை பறக்கவும் விட்டது. ஒன்பதாவதான செம்மூக்கு ருடால்ஃப், 1939இல் சிகாகோவின் மாண்ட்கோமரி வார்டு நிறுவனம் வாடிக்கையாளரின் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதற்காக ராபர்ட் மே எழுதிய கதையில் பிறந்தது; முதல் ஆண்டிலேயே 24 லட்சம் படிகள் போயின. இவற்றையெல்லாம் ரசித்து வளர்ந்தவன்தான் நான். ஆனாலும், தலைமுறை தலைமுறையாக மான்களோடு வாழ்ந்துவரும், சாமி எனப்படும் இந்த வடபகுதிப் பழங்குடி மக்களுக்கும் மற்ற மேய்ப்பர்களுக்கும் அந்தக் கதைகளில் இடமே இல்லாதது பனியின் நடுவே நின்றபோது என்னை உறுத்தியது.

பின்லாந்தின் தாத்தாவுக்குப் பெயர் யோலுபுக்கி. அதற்குக் 'கிறிஸ்துமஸ் கிடா' என்று பொருள். முற்காலத்தில் கம்பளித் தோலும் கொம்பும் அணிந்து வீடு வீடாகச் சென்றவர்களிடமிருந்து வந்த பெயர் அது. இவர் புகைபோக்கி வழியாக இறங்குவதில்லை, கதவைத் தட்டி, "நல்ல பிள்ளைகள் இங்கே இருக்கிறார்களா?" என்று கேட்டபடி உள்ளே வருகிறார். "எங்கள் தாத்தாவின் மான்கள் பறப்பதில்லை, நடக்கின்றன" என்றார் அந்தப் பெண்மணி.

அந்த நடையை நான் காதால் கேட்டேன். சறுக்குச் சட்டங்கள் பனியில் உரசும் ஓசைக்கு நடுவே, மான் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் டக், டக் என்று மெல்லிய ஒலி எழுந்தது. பாதத்திலுள்ள தசைநாண் எலும்பின்மேல் வழுக்கும்போது எழும் ஒலி அது. கொம்புகளைப் பற்றியும் கேட்டேன். வளர்ந்த ஆண் மான்கள் பனிக்காலத் தொடக்கத்திலேயே கொம்புகளை உதிர்த்துவிட, பெண் மான்கள் வசந்தம்வரை வைத்திருக்கின்றன. காயடித்த ஆண்களுக்கும் நீண்ட நாள் நிற்கும். எங்கள் வண்டியை இழுத்தது அப்படிக் காயடித்த ஆண் மான். அட்டைப் படங்களில் கொம்போடு பறப்பவையும் பெண்களாகவோ இத்தகையவையாகவோதான் இருக்க வேண்டும்.

ருடால்ஃபின் மூக்கிலும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. துருவமானின் மூக்கினுள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மனித மூக்கில் உள்ளதைவிட 25 சதவீதம் அடர்த்தியாக இருப்பதை 2012இல் நெதர்லாந்து, நார்வே ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கடுங்குளிரிலும் மூக்கு உறையாமல் காப்பது அந்த இரத்த ஓட்டம்.

பண்ணைக்குத் திரும்பியதும் ஒரு கைப்பிடி மரப்பாசியை நீட்டினேன். மான் குனிந்து மோந்தபோது அதன் மூச்சு என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாகப் பட்டது.